உளவளத்துணையின் விலையும் காப்புறுதிப் பத்திரத்தின் பொடி எழுத்துகளும்

புலம்பெயர்ந்து வாழும் உறவினரும் நண்பர்களும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டார்கள். பின்னர் காணியின் விலையைக் கேட்டார்கள். அண்மைக் காலமாகக் குரலைத் தாழ்த்தி வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள். "பிள்ளையை உளவளத்துணையாளரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு தடவைக்கு நூற்றைம்பது டொலராம். வேலையிடத்துக் காப்புறுதி அதைக் கட்டுமா?"

நான் மருத்துவனுமல்ல, காப்புறுதி முகவருமல்ல. ஆனால் சட்டமூலங்களையும் அறிக்கைகளையும் வரிக்கு வரி வாசித்து, அவற்றில் சொல்லப்படாமல் விடப்பட்டிருப்பது என்ன என்று தேடுவது எனது தொழிலாக இருந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் நண்பர்கள் அனுப்பிய சில காப்புறுதிப் பத்திரங்களையும் வாசித்துப் பார்த்தேன். அவை எல்லாவற்றிலும் உளச்சிகிச்சைக்கு இடமிருந்தது. எந்தவொன்றிலும் ஒரு மனிதன் குணமடைவதற்குப் போதுமான இடம் இருக்கவில்லை. காப்புறுதி உண்டு என்பதும் காப்புறுதி பணத்தைக் கட்டும் என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை எமது மக்களிற் பெரும்பாலானோர் நான்காவது அல்லது ஐந்தாவது அமர்வின்போதுதான் அறிந்துகொள்கிறார்கள்.

கணக்கு எப்படிப் போகிறது?

எமது மக்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப், குடும்ப வைத்தியரையும் உளமருத்துவ நிபுணரையும் பார்ப்பதற்கான செலவை முழுமையாக ஏற்கிறது. ஆனால் உளமருத்துவ நிபுணர் பெரும்பாலும் மருந்து எழுதுபவர். வாரம் ஒரு மணிநேரம் அமர்ந்து பேசிச் சிகிச்சை செய்பவர்கள் உளவியலாளர்கள், உளச்சிகிச்சையாளர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோரே. இவர்கள் தனியாகத் தொழில் நடத்தும்போது ஓஹிப் அவர்களது கட்டணத்தைச் செலுத்துவதில்லை. பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் ஒரு மணிநேரத்துக்கு 150 டொலர் அளவிலும், உளவியலாளர் 200 டொலருக்கு மேலும் அறவிடுவது வழமை.

இங்கேதான் வேலையிடத்துக் காப்புறுதி வருகிறது. பல திட்டங்களில் ஆண்டொன்றுக்கு 500 அல்லது 1000 டொலர் என்று எல்லை போடப்பட்டிருக்கும். 500 டொலர் எல்லையும் 80 வீத மீளளிப்பும் உள்ள ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 150 டொலர் கட்டணத்தில் காப்புறுதி 120 டொலரைத் தரும். 30 டொலர் உங்கள் கையிலிருந்து போகும். நான்கு அமர்வுகளில் 480 டொலர் தீர்ந்துவிடும். ஐந்தாவது அமர்வுக்கு மிஞ்சியிருப்பது வெறும் 20 டொலர்.

உளவடுவுக்கோ மனச்சோர்வுக்கோ அளிக்கப்படும் முறையான பேச்சுச் சிகிச்சை பொதுவாக 8 முதல் 20 அமர்வுகள் வரை நீளும். 16 அமர்வுகள் என்று கொண்டால் மொத்தச் செலவு 2400 டொலர். காப்புறுதி தருவது 500. குடும்பம் கட்டவேண்டியது 1900. வாடகையும் வீட்டுக்கடனும் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பும் ஒரு தொழிற்சாலை ஊழியரின் குடும்பத்துக்கு இது என்ன தொகை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

நான்கு அமர்வுகள் என்பது ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் காலம். எங்கிருந்து வந்தேன், யாரை இழந்தேன், எந்த இரவில் உறக்கம் போனது என்று சொல்லி முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்துவிட்டு, மருந்து போடாமல் வீட்டுக்கு அனுப்புவதற்கு இது ஒப்பானது. அப்படித் திரும்பியவர் 'பேசிப் பார்த்தோம், பயனில்லை' என்றுதான் சொல்வார். சிகிச்சை தோற்கவில்லை, சிகிச்சை தொடங்கவேயில்லை என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பூட்டு

இது கனடாவுக்கு மட்டும் உரிய குறையல்ல. எம்மவர்கள் வாழும் நாடுகள் ஒவ்வொன்றிலும் கதவு இருக்கிறது. பூட்டுத்தான் வேறு வேறு இடங்களில் தொங்குகிறது.

சுவிற்சர்லாந்தில் 2022 ஜூலை முதல், வைத்தியரின் பரிந்துரை இருந்தால் உளவியலாளரிடம் பெறும் சிகிச்சையும் அடிப்படைக் காப்புறுதிக்குள் வருகிறது. ஒரு பரிந்துரைக்கு 15 அமர்வுகள். பின்னர் மேலும் 15. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதாந்தக் கட்டணத்தைக் குறைப்பதற்காக 2500 பிராங் 'பிராஞ்சைஸ்' தெரிவுசெய்திருப்பவருக்கு, அந்த ஆண்டில் வேறு மருத்துவச் செலவு இல்லையெனில், முதல் 2500 பிராங்கும் அவரது சொந்தப் பணமே. ஒரு மணிநேரம் 150 பிராங்குக்கு மேல் என்ற நிலையில், ஏறக்குறைய அந்த 15 அமர்வுகளும் அவர் கையிலிருந்தே போகும்.

ஜேர்மனியில் சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி உளச்சிகிச்சைக்கு முழுமையாகப் பணம் கட்டுகிறது. குறுகியகாலச் சிகிச்சை என்றாலே 24 அமர்வுகள் வரை கிடைக்கும். அங்குள்ள பூட்டு, மாதக்கணக்கில் நீளும் காத்திருப்பு. அதைவிடப் பெரிய பூட்டு மொழி. மொழிபெயர்ப்பாளரின் கூலியைக் காப்புறுதி ஏற்பதில்லை. ஜேர்மன் மொழியில் வேலைத்தலத்தைச் சமாளித்துவிடும் ஒருவரால், தன் சகோதரன் இறந்த நாளைப் பற்றி அம்மொழியில் பேசமுடியுமா?

இங்கிலாந்தில் 2008 இல் தொடங்கப்பட்டு இப்போது 'என்.எச்.எஸ். டோக்கிங் தெரபீஸ்' என்று அழைக்கப்படும் சேவை இலவசமானது. வைத்தியரின் கடிதமில்லாமல் தானாகவே பதிவு செய்துகொள்ளலாம். அதற்குள் அடங்காத ஆழமான வடுக்களைச் சுமப்பவர்களுக்கான விசேட சேவைகளில் காத்திருப்பு நீண்டது. சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதற்காக ஹெலன் பாம்பர் அம்மையார் 1985 இல் தொடங்கிய நிறுவனம், 'ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர்' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. இலங்கைத் தமிழர் பலர் அதன் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இங்கும் செலவு காப்புறுதியால் அல்ல, கொடையாலேயே ஈடுசெய்யப்படுகிறது.

அவுஸ்திரேலியாவில் 2006 நவம்பர் முதல் மெடிகெயார் ஊடாக மானியம் கிடைக்கிறது. குடும்ப வைத்தியர் ஒரு சிகிச்சைத் திட்டம் எழுதித் தந்தால் ஆண்டுக்கு 10 அமர்வுகள். கொரோனா காலத்தில் 20 ஆக உயர்த்தப்பட்ட இந்த எண்ணிக்கை 2022 டிசம்பர் முடிவுடன் மீண்டும் 10 ஆக்கப்பட்டது. மானியத்தொகை உளவியலாளரின் கட்டணத்தை ஈடுசெய்யாது. ஒவ்வொரு அமர்விலும் நூறு டொலரோ அதற்கு மேலோ இடைவெளி விழுவது சாதாரணம். மெடிகெயார் மானியம் பெறும் அமர்வின் இடைவெளியைத் தனியார் காப்புறுதியைக் கொண்டு நிரப்பவும் முடியாது.

ஐக்கிய அமெரிக்காவிலோ சட்டம் இருக்கிறது. உடல்நோய்க்கு விதிக்கப்படாத கடுமையான நிபந்தனைகளை மனநோய்க்கு விதிக்கலாகாது என்று 2008 அக்டோபரில் அந்நாடு சட்டமியற்றியது. ஆனால் காப்புறுதியை ஏற்றுக்கொள்ளும்படி எந்தச் சிகிச்சையாளரையும் அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காப்புறுதி நிறுவனங்கள் தரும் தொகை குறைவு, எழுதவேண்டிய படிவங்கள் அதிகம் என்று சொல்லிப் பலர் விலகி நிற்கிறார்கள். நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத சிகிச்சையாளரிடம் போனால் முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்டவேண்டும். பின்னர் 'டிடக்டிபிள்' எனப்படும் தொகையைக் கடந்த பிறகே ஒரு பங்கு திரும்பிவரும்; சில திட்டங்களில் அதுவும் வராது.

படுக்கைக்கு மட்டும் பணம்

பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் வருவோம். இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்புறுதி வழங்கப்படவேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. 2018 இல் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையமும் அதை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. காகிதத்தில் இது பெரிய வெற்றி. ஆயினும் அங்குள்ள மருத்துவக் காப்புறுதிகள் பெரும்பாலும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் மட்டுமே பணம் தருபவை. பேச்சுச் சிகிச்சைக்கு எவரும் படுக்கையில் படுப்பதில்லை. ஒருவர் முற்றாக உடைந்து விடுதியில் சேரும்வரை காத்திருந்து, அதன் பின்னர் பணம் கட்டும் ஏற்பாடு இது. அதற்கு முன்னரே நாற்காலியில் அமர்ந்து பேசியிருந்தால் படுக்கை தேவைப்பட்டிருக்காது என்பதை அந்தக் கணக்கில் எவரும் எழுதுவதில்லை.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சை இலவசம். இது பெருமைக்குரியது என்பதை மறுப்பதற்கில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசவும் முடியும். ஆனால் இலவசம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. முல்லைத்தீவின் கரையோரக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் வரும் ஒரு தாய், நூறு கிலோமீற்றர் அளவில் பேருந்தில் வரவேண்டும். போகவர ஒரு முழு நாள். அன்றைய கூலி இல்லை. கூட வரும் மகளுக்கும் கூலி இல்லை. கிளினிக்கில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் வைத்தியரால் ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கமுடியும். மருந்து கிடைக்கும், 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. வாரம் ஒருமுறை ஒரு மணிநேரம் பேசுவது என்பது அங்கே எண்ணிப்பார்க்க முடியாத ஆடம்பரம். கொழும்பில் தனியாரிடம் சனல் பண்ணிப் போவதாயின் ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் ரூபா வேண்டும். நான் வாசித்த இலங்கைக் காப்புறுதிப் பத்திரங்களிலோ, மனநோய் விலக்குகளின் பட்டியலில்தான் இருந்தது.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, இது தனி மனிதரின் வருத்தம் மட்டுமல்ல, முழுச் சமூகமும் சுமக்கும் வடு என்று எழுதினார்கள். அவரது 'மனவடு' என்ற தமிழ்க் கைநூலைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களை நான் அறிவேன். 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் வெளிநாட்டு நிதி வந்தது, பயிற்சிகள் நடந்தன, நிதி முடிந்ததும் பலரது வேலையும் முடிந்தது. 2009 இற்குப் பின்னரும் ஏறக்குறைய அதே கதைதான். வடு ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. திட்டங்கள் மாதக்கணக்கில் முடிபவை. காப்புறுதி நிறுவனத்தின் நான்கு அமர்வுகளும், தொண்டு நிறுவனத்தின் பதினெட்டு மாதத் திட்டமும் ஒரே தவறின் இரு வடிவங்கள் எனலாம்.

செலவு என்று சொல்வோருக்கு

எல்லையை உயர்த்தினால் எல்லோருடைய தவணைக் கட்டணமும் ஏறும் என்று காப்புறுதித் துறையினர் சொல்வார்கள். அரசாங்கங்கள் நிதியில்லை என்று சொல்லும். இதற்கான பதிலை ஒரு பொருளியலாளரே தந்திருக்கிறார். பிரித்தானியாவின் ரிச்சர்ட் லேயார்ட் 2006 இல் வெளியிட்ட அறிக்கையில், ஒருவருக்கு முழுமையான பேச்சுச் சிகிச்சை அளிக்க ஏறக்குறைய 750 பவுண் செலவாகும் என்றும், அவர் நோயினால் வேலையின்றி இருந்தால் உதவிப்பணமாகவும் இழந்த வரியாகவும் ஒரே மாதத்தில் அரசுக்கு அதே அளவு தொகை போகும் என்றும் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கின் மேல்தான் இங்கிலாந்தின் இலவசச் சேவை எழுந்தது. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்குமான சிகிச்சையில் இடும் ஒவ்வொரு டொலரும் நான்கு டொலராகத் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வும் 2016 இல் சொன்னது.

பணம் இல்லாமையல்ல காரணம். முதுகு வலிக்குப் பணம் கேட்பவரை நம்பும் உலகம், மனவலிக்குப் பணம் கேட்பவரைச் சந்தேகிக்கிறது. அந்தச் சந்தேகமே ஆண்டுக்கு 500 டொலர் என்ற எல்லையாக அச்சாகியிருக்கிறது. எமது சமூகமும் இதில் குற்றமற்றதல்ல. பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் பிடிக்கக் கடன் வாங்கும் தகப்பன், அதே பிள்ளை உறங்காமல் அழும்போது ஒரு மணிநேரத்துக்கு 150 டொலரா என்று திகைக்கிறார். அவரைக் கேலி செய்வது எனது நோக்கமல்ல. சடங்குக்குச் செலவழித்ததை ஊர் காணும். உளவளத்துணைக்குச் செலவழித்ததை ஊர் காணக்கூடாது என்று அவர் அஞ்சுகிறார்.

கேட்டறிய வேண்டியவை

முதல் அமர்வுக்குப் போவதற்கு முன்னரே காப்புறுதி நிறுவனத்திடம் சில விடயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்தத் தகைமையுள்ளவரின் பற்றுச்சீட்டை ஏற்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். சில திட்டங்கள் உளவியலாளரை மட்டும் ஏற்கும். சமூகப் பணியாளரின் பற்றுச்சீட்டைத் திருப்பி அனுப்பிவிடும். வைத்தியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்று கேளுங்கள். ஆண்டெல்லை எந்தத் திகதியில் புதுப்பிக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஜனவரியில் புதுப்பிக்கப்படுமாயின், நவம்பரில் தொடங்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகளின் தொகையையும் தொடர்ச்சியாகப் பயன்படுத்தலாம். கணவன், மனைவி இருவருக்கும் வேலையிடத்துக் காப்புறுதி இருந்தால் ஒன்றில் மிஞ்சியதை மற்றதில் கோரலாம். கனடாவில் பிள்ளையின் செலவை, ஆண்டில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அந்தப் பெற்றோரின் திட்டத்திலேயே முதலில் கோரவேண்டும் என்பது நடைமுறை. பல தொழில்தருநர்கள் ஊழியர் உதவித் திட்டம் என்ற பெயரில் சில அமர்வுகளை இலவசமாகவே தருகிறார்கள். அதைப் பலர் அறிவதில்லை. வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கும் சிகிச்சையாளர்களும், மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெறுவோர் குறைந்த கட்டணத்தில் நடத்தும் அமர்வுகளும் உண்டு. ஒன்ராறியோவில் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் அரச செலவிலான உளச்சிகிச்சைத் திட்டமும் இருக்கிறது. கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தகப்பனின் திட்டத்தில் பதிவுசெய்யப்பட்டிருக்கும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி உளவளத்துணைக்குப் போனால், அந்தக் கோரிக்கையின் விபரம் தகப்பனின் கணக்கிலேயே தெரியவரும். என்ன பேசினாள் என்பது தெரியாது. போனாள் என்பது தெரியும். இதற்கு அஞ்சியே சில பிள்ளைகள் போகாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேவை உதவக்கூடும். பெற்றோருக்கோ ஒரு வேண்டுகோள்: அந்த விபரத்தைக் கண்டால் விசாரணை வைக்காதீர்கள். 'பணம் போதாவிட்டால் சொல்' என்ற ஒரு வசனம் போதும்.

எம்மால் ஆகக்கூடியது

அரசுகளையும் காப்புறுதி நிறுவனங்களையும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். தொழிற்சங்கக் கூட்டத்தில் பல்லுக்கும் கண்ணுக்கும் எல்லையை உயர்த்தக் கேட்பவர்கள், மனதுக்கும் கேட்கலாம். 2024 ஜூனில் கனடாவில் உளச்சிகிச்சையாளர்களின் கட்டணத்துக்கு விற்பனை வரி நீக்கப்பட்டது. அது எவரும் கேளாமல் கிடைத்ததல்ல. இலங்கையில், வெளிநோயாளர் உளச்சிகிச்சையை விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கும்படி ஒழுங்குமுறை அமைப்பிடம் கோருவதற்கு எமது நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எந்தத் தடையுமில்லை.

ஆனால் அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. எமது ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோபுரமும் மண்டபமும் கட்டும் வல்லமை பெற்றவை. ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், நான்காவது அமர்வில் பணம் தீர்ந்தவருக்கு ஐந்தாவது முதல் பதினாறாவது வரை கட்டமுடியும். பெயர் கேளாமல், கல்வெட்டில் பொறிக்காமல், சிகிச்சையாளருக்கே நேரடியாகச் செலுத்தலாம். ஊரிலோ, ஒரு உளவளத்துணையாளரின் சம்பளத்தைப் பத்தாண்டுகளுக்கு ஏற்று, அவரைப் பிரதேச வைத்தியசாலைக்கு அருகில் இருத்தலாம். அந்தத் தாய் நூறு கிலோமீற்றர் வரவேண்டியதில்லை. தமிழில் பேசிச் சிகிச்சை செய்யக்கூடிய இளைஞர்களின் படிப்புக்கு உதவுவதும் இதே பணியின் பகுதியே. கட்டடத்துக்கு வருவதுபோல் இதற்குத் திறப்புவிழா வராது. அதனாலேயே இதற்குப் பணம் சேர்ப்பது கடினம் என்பதையும் நான் அறிவேன்.

போர் முடிந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அதில் தப்பியவர்களின் பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் பேசப்படாத மௌனத்தையும் அவர்கள் சேர்த்தே சுமக்கிறார்கள். அவர்களில் ஒருவர் துணிந்து ஒரு கதவைத் தட்டி, பேசவும் தொடங்கிவிட்டால், பணமில்லை என்ற காரணத்தால் அந்தப் பேச்சு நடுவில் நிற்கக்கூடாது. அதற்கான செலவு எமது சமூகம் தாங்கமுடியாத செலவல்ல.